கட்டுக் கட்டிய ஏழு மாதம்

என் மாமியார் காவி கட்டத் தொடங்கியபோது ஊரில் எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தன்னிடமிருந்த நான்கு வெள்ளைச் சேலைகளையும் காவிக்கல் கரைத்த தண்ணீரில் முக்கி வேலியில் காயப்போட்டார். கேட்டவர்களிடம் "பழனிக்கு வேண்டுதலுங்க" என்று மட்டும் சொன்னார். பொழுது சாயும் நேரத்தில் தன் கட்டிலைச் சுற்றிச் சாம்பிராணி போட்டுக்கொள்வார். சித்திரை வெயிலிலும் துப்பட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு திரிவார். புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர், இப்போதாவது சாமி பக்கம் மனசைத் திருப்பினாரே என்று நானும் நினைத்தேன். என் அம்மாவிடம் அதைப் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அவர் சாதாரண ஆள் இல்லை. சேந்தமங்கலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எங்களுக்கு ஆறு ஏக்கர் பூமி. புருஷன் போனபின் பங்காளிகள் யாரையும் கிட்டே விடாமல், இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவரே பண்ணையம் பார்த்தார். சந்தைக்குப் போனால் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, தரகனை ஓரமாய் நிறுத்திவிட்டு, தானே விலை பேசுவார். அவர் பேசினால் எதிரில் இருப்பவர் இரண்டடி பின்னால் போய்த்தான் பதில் சொல்வார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன முதல் வருஷம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

நான் சொல்லப்போவது யுத்த காலத்தில் நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. கையில் எட்டு மாதப் பெண்குழந்தை.

மாசி மாதம், நடுப்பகல். களத்தில் சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்களுக்குக் கூழ் ஊற்றும் நேரம் தாண்டியும் மாமியாரைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் குளிப்பதற்குத் தட்டி கட்டி மறைத்த இடம் ஒன்று உண்டு. பொடக்காளி என்போம். அங்கே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கூழ்ச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏனுங்க அத்தே, ஆளுங்க காத்துக்கிட்டு இருக்கறாங்க" என்று சொல்லித் தட்டியைத் தள்ளினேன்.

அவர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். சேலையை இடுப்புவரை இறக்கிவிட்டு, முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்திருந்தார். கையில் வேப்பிலைத் தண்ணீரில் நனைத்த துணி. வலது பக்கம் மார்பு இருக்கவேண்டிய இடத்தில் மார்பு இல்லை. கரையான் தின்ற கட்டையைப் போலக் குழிந்தும் பிளந்தும், விளிம்பெல்லாம் மேலே சுருண்டு, ஈரமாய் ஏதோ ஒன்று இருந்தது. அதை உடம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துப்பட்டியும் சாம்பிராணியும் இத்தனை நாள் மறைத்து வைத்த வாடை முகத்தில் அடித்தது. நான் கத்தவில்லை. சட்டி மட்டும் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது.

அவர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "உள்ளார வந்து தட்டியச் சாத்து அம்மிணி. ஆளுங்க பாத்துறப் போறாங்க" என்றார். கூழ் கொட்டியதற்குக் கோபித்துக்கொள்வாரே, அந்தக் குரல்கூட இல்லை. மெதுவாகச் சொன்னார்.

ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் முதலில் இருந்ததாம். வலியே இல்லையாம். இரண்டு வருஷமாக வைத்திருக்கிறார். அது உடைந்து நீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் வெள்ளைச் சேலையைக் காவியாக்கியது. வெள்ளையில் கறை தெரியும், காவியில் தெரியாது. பழனியும் இல்லை, வேண்டுதலும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, எதுவும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"வைத்தியர்கிட்டக் காட்டலாமுங்க அத்தே."

"பொம்பளை காட்டற எடமா அது?" என்றார். பிறகு என் குழந்தை தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். மகனுக்குச் சொல்லக்கூடாது. மகளுக்கும் சொல்லக்கூடாது.

அதுவரை புண்ணில் தானே கட்டிக்கொண்டிருந்த துணிக்கட்டை அன்றிலிருந்து நான் கட்டினேன். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட அவர் கை எட்டாமல் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நாற்பது நாளில் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் "ஏம்புள்ள இப்படி எளைச்சுப் போற?" என்று கேட்டபோது பல்வலி என்று பொய் சொன்னேன். குழந்தை தலைமேல் செய்த சத்தியம். அதை மீறினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

சித்திரையில் ஒருநாள் காலை கட்டை அவிழ்த்தபோது ரத்தம் நிற்கவேயில்லை. மூன்று துணி நனைந்தது. நான் எழுந்து ஓடினேன். கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் மாடுகளை நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவருக்கு விளங்கவே இல்லை. சிரித்தார். "அம்மாவுக்கா? இப்பத்தான கன்னுக்குட்டிய அவுத்து உட்டாங்க" என்றார். நான் அழுவதைப் பார்த்த பிறகுதான் சாட்டையைக் கீழே போட்டார்.

சேலத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். நாமக்கல் வரை வண்டி. அங்கிருந்து பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் ஒரு பீப்பாயில் கரியை எரித்து அந்தப் புகையில் ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு கண்டக்டர் வந்தார். "பெரியம்மா, கடைசி சீட்டுக்குப் போயிருங்க" என்றார். மாட்டுச் சந்தையில் யாருக்கும் வழி விடாத என் மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். கரிப் பீப்பாயின் சூடு முதுகில் படும் இடம் அது. ராசிபுரத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த அம்மாள். பார்த்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "யாரு இவங்களைப் பாத்துக்கறது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வராந்தாவின் அந்தக் கோடியில் தூணுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நானுங்க" என்றேன்.

என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். "இது புத்து நோய். கக்கத்துலயும் கட்டி வந்திருக்கு. இனி அறுக்க முடியாது. கட்டி தெரிஞ்சதும் வந்திருந்தாக்கூடப் பரவாயில்லை."

"நாப்பது நாளைக்கு முன்னாடி வந்திருந்தா ஆகியிருக்குமுங்களா?"

ஏன் அப்படிக் கணக்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. "நாப்பது நாள்ல ஒண்ணும் மாறியிருக்காது" என்றார். அந்தப் பதிலை இத்தனை வருஷத்தில் ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முழுதாக நம்ப முடிந்ததே இல்லை.

கிளம்பும்போது என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்து, "இது ஒட்டற வியாதி இல்லை. பயப்படாதே. குழந்தை அவங்க பக்கத்துலயே இருக்கலாம்" என்றார். தண்ணீரில் போட்டால் கத்திரிப்பூ நிறமாக மாறும் ஒரு மருந்தும், வலிக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க ஒரு சீசாவும் கொடுத்தார். துணியைக் கொதிக்க வைத்துத்தான் கட்டவேண்டும் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை துணி வேண்டும் என்று நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். துணி அப்போது கூப்பனுக்குக்கூடச் சரியாகக் கிடைக்காது.

சேதி பரவியதும் என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, புருஷன் ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தன் அம்மா படுத்திருந்த அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே போகவில்லை. வெளியே வந்து உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றி.

"இந்தப் பச்சப் புள்ளைய இங்கயா வெச்சிருக்கற?"

"டாக்டரம்மா ஒட்டாதுன்னு சொன்னாங்க நங்கையா."

"அவங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா அப்படிச் சொல்லுவாங்களா? அம்மாளத் தொட்டுட்டு வந்து அதே கையில பால் கொடுக்கற. நாளைக்கு எம் பொறந்தவன் வமிசத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மறுநாள் காலையில் குழந்தையை மோகனூர்ப் பக்கம் என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி திரும்பும்போது குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எங்கேயோ ஊர் சுற்றக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்திருக்கும். பத்து மாதக் குழந்தை, இன்னும் பால் மறக்கவில்லை.

மாமியாரிடம் என் அம்மா ஆசைப்பட்டுக் கேட்டதாகவும், நாலு நாள் வைத்திருந்து அனுப்புவதாகவும் சொல்லி வைத்தோம்.

அதன்பிறகு என் நாள் இப்படி ஆனது. விடிந்ததும் வேப்பிலை போட்டுத் தண்ணீர் காய்ச்சவேண்டும். பழைய கட்டை நனைத்து நனைத்துப் பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஈ உட்காராமல் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் துடைக்கவேண்டும். முடிந்ததும் துணியைத் துவைக்க ஓடவேண்டும். வண்ணாத்தி அந்தத் துணியைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். வாய்க்காலுக்கு நான் போனால் மற்றப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் தங்கள் துணியை எடுத்துக்கொண்டு மேல்பக்கம் போய்விடுவார்கள். பிறகு மாடு, சாணி, சமையல், காட்டு ஆட்களுக்குச் சோறு. மத்தியானம் மறுபடி கட்டு. சாயங்காலம் மறுபடி. என் கையில் அந்த வாடை ஏறிவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் குமட்டும். வெறும் கரண்டியால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளப் பழகினேன்.

துணி தீர்ந்துபோனது. வீட்டுக்காரரின் பழைய வேட்டிகள், என் இரண்டு சேலைகள், எல்லாம் கிழித்தாகிவிட்டது. ஒருநாள் வேறு வழி இல்லாமல் விட்டத்தில் தொங்கிய தூளியை அவிழ்த்தேன். குழந்தைதான் இல்லையே. கிழிக்கும்போது துணியில் குழந்தை வாசம் வந்தது. எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு கல்லாய் வலித்தது. குழந்தை போன நாளிலிருந்தே அப்படித்தான். முருங்கைமரத்தடியில் போய்ப் பீய்ச்சிவிட்டு வருவேன். ஒரு மார்பு புண்ணாகி அழுகுவதைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே என் மார்பிலிருந்து பால் சொட்டிச் சேலை நனையும். எப்படித்தான் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அவர் ஒருநாள் அறைக்குள் வந்தார். கட்டு பிரித்திருந்த நேரம். பார்த்ததும் ஓடிப்போய் மாட்டுக் கட்டுத்தரையில் வாந்தி எடுத்தார். பிறகு வரவே இல்லை. சேலம் போய் மருந்து வாங்கி வருவார், வாசலில் வைப்பார், போய்விடுவார். மாமியார் அவர் காலடிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் தேய்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். ஆனி மாதம் ஒரு பிற்பகல். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை. அவருக்குக் கஞ்சி கொண்டுபோய் வாயில் வைத்தேன். "வேண்டாம்" என்று தட்டிவிட்டார். கஞ்சி முழுக்க அப்போதுதான் கட்டிய கட்டின்மேல் கொட்டியது. மறுபடி முதலிலிருந்து. நான் அவர் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். சத்தம் கேட்டது. அடித்த கையை நானே பார்த்தேன், யாருடைய கையோ போல இருந்தது. ஊரையே நடுங்க வைத்த கை அவருடையது. குச்சியாய் இளைத்துக் கிடந்தது. அதில் என் விரல் பதிந்து சிவந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னொருக்கா ஊத்திட்டு வா சாமி, குடிக்கறேன்" என்றார். கொண்டுவந்தேன். முழுக்கக் குடித்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம்தான் நங்கையா ஒரு நாட்டு வைத்தியரை அனுப்பிவைத்தார். பெரியவர், கொல்லிமலை மூலிகை எல்லாம் அத்துபடி என்றார்கள். அவர் புண்ணைப் பார்த்தார். நாக்கை உதட்டில் தடவிக்கொண்டார். உருண்டையாய் ஒரு மருந்தைக் கொடுத்து, "இத கைக்கொழந்தைக்காரி பால்ல எழைச்சு, பாதி மேல பூசோணும், பாதி உள்ளுக்குக் குடுக்கோணும்" என்றார்.

தாய்ப்பால் எங்கே கிடைக்கும் என்று வீட்டுக்காரர் ஊருக்குள் கேட்கக் கிளம்பினார். நான் வேண்டாம் என்றேன். முருங்கைமரத்துக்கு ஊற்றியதை அன்று முதல் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் பிடித்தேன். மருந்தை அதில் இழைத்தேன். குணமாகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பூசினால் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அது போதும் என்று தோன்றியது.

பத்தாம் நாள் பாலாடையை அவர் உதட்டருகே கொண்டுபோனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது என்ன பாலு?"

"ஆட்டுப் பாலுங்க அத்தே."

"நாப்பது வருசமா ஆடு கறந்தவகிட்ட ஆட்டுப் பாலுன்னு சொல்றயா?"

அவர் பார்வை என் சேலைமேல் இறங்கி, அங்கே பரவியிருந்த ஈரத்தில் நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"நாலு நாள்னு சொன்னீங்க. மாசம் ரெண்டு ஆகப்போவுது. புள்ள பாலு மறந்திருச்சா?"

"இல்லீங்க."

"அப்பறம் யாரு கூட்டிட்டுப் போனது? என்னையப் பாத்துப் பயந்துக்கிட்டா அனுப்புனீங்க?"

அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். அவர் பாலாடையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். இரண்டு வருஷம் அந்தப் புண்ணோடு கல்லாக இருந்தவர் அன்றுதான் அழுது பார்த்தேன். "புள்ள வாய்ப் பால நா குடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கறேனே, கடவுளே" என்று தலையில் அடித்துக்கொண்டார். தடுக்க முடியவில்லை. அடிக்கும்போது கட்டு கழன்று ரத்தம் வந்தது.

மறுநாள் காலை நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால் கட்டில் காலியாக இருந்தது. பொடக்காளியில் இல்லை. கட்டுத்தரையில் இல்லை. எழுந்து உட்கார ஆள் வேண்டியவர் எங்கே போயிருக்க முடியும்? என் நெஞ்சு நேராகக் கிணற்றுக்குத்தான் போனது. கிணற்றடிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. அப்போதுதான் பக்கத்துச் சாளையிலிருந்து முனகல் கேட்டது. சாளை என்றால் தோட்டத்தில் கவலைக் கயிறும் ஏர்ச் சாமானும் போட்டு வைக்கிற ஓலைக் கொட்டகை. வீட்டிலிருந்து அரை மைல் இருக்கும். வரப்பில் அங்கங்கே விழுந்து எழுந்து வந்திருக்கிறார். முட்டியெல்லாம் மண். சோளத்தட்டின்மேல் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இனி நா இங்கயே இருந்துக்கறேன். ஊட்டுல நா இல்லை. போய்ப் புள்ளையக் கூட்டியா" என்றார்.

வீட்டுக்காரர் சேதி கேட்டு ஓடிவந்தார். வாசலிலேயே நின்றார். "ஏம்மா, ஊர் என்ன பேசும்? ஊட்டுக்கு வாங்க" என்றார். மாமியார் தலையை மட்டும் திருப்பி, "நீ உங்கையில தூக்கிட்டுப் போறதா இருந்தா வாரேன்" என்றார்.

வீட்டுக்காரர் ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு திரும்பி, என்னைக்கூடப் பார்க்காமல் வேகமாகப் போய்விட்டார். அந்த அரை நாள் அவரை நான் வெறுத்தேன். பெற்றவளைத் தொட முடியாத ஆளோடா குடும்பம் நடத்துகிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். மாமியார், "விடு. அவன் சின்னதுல இருந்தே அப்படித்தான், கோழி அறுத்தாக்கூடப் பார்க்கமாட்டான்" என்றார்.

பொழுது சாயும்போது வண்டிச் சத்தம் கேட்டது. அவர் மோகனூர் போய்க் குழந்தையை எடுத்து வந்திருந்தார். அக்காவிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நான் கை நீட்டினேன். குழந்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வீறிட்டு அழுதுகொண்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. என் வாடை அதற்குப் பிடிக்கவில்லையா, என்னை மறந்தே போய்விட்டதா, தெரியாது. நான் பெற்ற பிள்ளை என்னைக் கண்டு பயந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுபடி என்னிடம் வர மூன்று நாள் ஆயிற்று. பால் குடிக்க ஐந்து நாள்.

அதன்பிறகு அவர் கட்டிலையும் சாளைக்கே கொண்டுவந்து போட்டோம். நானும் பகலெல்லாம் அங்கேதான். குழந்தையின் இடுப்பில் மெல்லிய கயிறு கட்டி, மறுமுனையை வெளியே வேப்பமரத்தில் கட்டிவிட்டு உள்ளே கட்டுப் போடுவேன். குழந்தை மண்ணில் விளையாடும். மாமியார் கட்டிலில் சாய்ந்து, ஓலை இடுக்கில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வலி வரும்போது குழந்தை பயந்துவிடும் என்று சத்தம் போடமாட்டார். வாயில் துணியைக் கடித்துக்கொள்வார். வீட்டுக்காரர் தினமும் வந்து வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சந்தையில் மாடு என்ன விலை போயிற்று, எந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றியது என்று சொல்வார். உள்ளேயிருந்து மாமியார், "அவனுக்கு மாடு பாக்கத் தெரியாது, ஏமாந்திருப்பான்" என்று ஏதாவது பதில் சொல்வார். அப்படி இரண்டு மாதம் ஓடியது.

புரட்டாசியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். நான் குழந்தையை எடுத்துக்கொண்டு துணி துவைக்க வாய்க்காலுக்குப் போயிருந்தேன். மாமியாருக்கு இரண்டு நாளாகப் பேச்சில்லை. வீட்டுக்காரர் வாசலில் இருந்தார். திரும்பி வரும்போது வாசலில் அவர் இல்லை.

உள்ளே போனேன். அவர் கட்டிலருகே மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் கத்திரிப்பூ நிறத் தண்ணீர்ச் சட்டி. பழைய கட்டைப் பிரித்திருந்தார். நான் ஏழு மாதம் செய்ததை எங்கிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டாரோ, துணியை நனைத்து ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியாரின் கண் பாதி திறந்திருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கால் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

"ஏனுங்க" என்றேன். "அம்மா போயிட்டாங்களுங்க."

"தெரியும்" என்றார். "இந்த ஓரம் மட்டும் இன்னும் சுத்தமாகலை. இரு." நிறுத்தவே இல்லை. துடைத்து, துணியை மடித்து வைத்து, கோணலாய் ஒரு முடிச்சுப் போட்டார். வாந்தி எடுக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நங்கையா மத்தியானம் வந்து இறங்கினார். வண்டியிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார். ஊரே கூடியிருந்தது. எல்லோர் காதிலும் விழும்படி, "எங்கம்மாள நாயைப் போடற மாதிரி சாளையில போட்டுக் கொன்னுட்டாளே" என்று என்னைக் கை காட்டி அலறினார். சிலர் தலையை ஆட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. காது அடைத்துக்கொண்டது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். அக்காவை அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. "உள்ள வாக்கா" என்றார். கையைப் பிடித்துச் சாளைக்குள் கூட்டிப்போனார். அவர் போட்ட கோணல் முடிச்சை அவரே அவிழ்த்துக் காட்டியிருக்கிறார். உள்ளே அழுகைச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்து நங்கையா வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. தலைமயிர் கலைந்திருந்தது. சாளையின் மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், குளிப்பாட்டும் நேரம் வந்தபோது என் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"எத்தன நாளா இப்படி இருந்துச்சு?"

"நா பாத்து ஏழு மாசமுங்க நங்கையா. அதுக்கு முன்னாடி அவங்க தனியாத்தான்."

"எனக்கு ஒருத்தரும் காட்டலையே."

"நீங்க வாசலோட போயிட்டீங்க" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் தண்ணீர்க் குடத்தை எடுத்தார். அன்று மாமியாரைக் குளிப்பாட்டியது நாங்கள் இருவரும்தான். மற்றப் பெண்கள் தூரத்தில் நின்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் நான் குழந்தையை எடுத்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனேன். போய்ப் பாயில் விழுந்தவள்தான். ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம், காய்ச்சலோ என்று என் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"கஞ்சி குடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"யாரு சாமி?" என்றார் அம்மா.

என் கைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.